தீப்பெட்டிக்கு விழுந்த வரிகள்: ஒரு தொழிலின் நூறாண்டுக் கணக்கு

2020 மார்ச் 14 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், தீப்பெட்டிக்கு இருந்த இரண்டு வரி விகிதங்களை ஒன்றாக்கியது. அதுவரை கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம். ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12. நாட்டின் பெரும்பகுதிக்கு இது கண்ணில் படாத செய்தி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, குடியாத்தம் வட்டாரத் தீப்பெட்டி ஆபீஸ்களில் (தீப்பெட்டி செய்யும் ஆலைக்கு அங்கே ஆபீஸ் என்றுதான் பெயர்) மட்டும் அது யார் பிழைப்பது, யார் கதவை அடைப்பது என்ற கேள்வியாக வந்து நின்றது.

வரி ஏறினால் செலவு ஏறும், செலவு ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் விற்பனை குறையும் என்று பாடத்தில் ஒரே நேர்கோட்டில் படிக்கிறோம். தவறில்லை. ஆனால் ஒரு தொழில் நடத்துபவர் வரியைப் பார்க்கும் விதம் வேறு. விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வரி எதன்மேல் விழுகிறது என்று பார்ப்பார். பிறகு எதை மாற்றினால் அதன் எடை குறையும் என்று பார்ப்பார். தீப்பெட்டித் தொழிலில் இதை நூறு ஆண்டுகளாகத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. குச்சிக் கணக்கில் வரி போட்டபோது பெட்டியின் அளவு மாறியது. ஆபீஸின் அளவை வைத்துப் போட்டபோது ஆபீஸ் துண்டு துண்டானது. செய்முறையை வைத்துப் போட்டபோது இயந்திரம் வாசலோடு நின்றது. பொருள் என்னவோ அதே குச்சி, அதே மருந்து, அதே பெட்டிதான்.

சுங்கவரி கொண்டுவந்த தொழில்

முதல் உலகப் போருக்குப் பின் கஜானாவை நிரப்ப வழி தேடிய பிரிட்டிஷ் இந்திய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிமீது கை வைத்தது. அப்போது ஜப்பானும் சுவீடனும் இந்தியச் சந்தையை நிறைத்திருந்தன. 1921இல் குரோஸுக்கு 12 அணா. 1922இல் அதை அப்படியே இரட்டிப்பாக்கி 1 ரூபாய் 8 அணா ஆக்கினார்கள். குரோஸ் என்றால் 144 பெட்டி. ஆக ஒரு பெட்டிக்கு 2 பை வீதம் வரி. அன்றைய பை ரூபாயில் 192இல் ஒரு பங்கு; 2 பை என்றால் அணாவில் ஆறில் ஒரு பங்கு. பார்க்கச் சின்னதாகத் தெரியும். அடக்கவிலையே சில பைகளாக இருந்த பொருளுக்கு அது பெரிய மதில்.

வருவாய்க்காகப் போட்ட வரிதான், பாதுகாப்புக்காக இல்லை. ஆனாலும் உற்பத்தியாளர் அதைப் படித்த விதம் வேறு. வெளியிலிருந்து வரும் பெட்டி ஒவ்வொன்றும் 2 பை கூடுதல் சுமையோடு வருகிறது என்றால், உள்ளூரில் அதைவிடக் கொஞ்சம் அதிகச் செலவில் செய்தாலும் விற்றுவிடலாம். சுவீடன் நிறுவனமே மதிலுக்கு உள்ளே வந்து உற்பத்தி தொடங்கியது. 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, பிறந்தது இப்படித்தான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் சொந்த ஊரில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி, வேலை தேடும் கைகள், மருந்து சீக்கிரம் காயும் வறண்ட காற்று, இவையெல்லாம் சிவகாசிக்கு முன்பும் இருந்தவைதான். அவற்றை லாபமாக மாற்றும் கணக்கை 1922ஆம் ஆண்டின் சுங்க அட்டவணை கொடுத்தது.

இதில் ஒரு சிறு அத்தியாயத்தை விட்டுவிடக் கூடாது. வரி முழுமையான தீப்பெட்டிக்குத்தான். மருந்து முக்காத குச்சிக்கும், பெட்டி செய்யும் மெல்லிய மரத் தகட்டுக்கும் அந்தக் கனமான வரி இல்லை. எனவே பலர் குச்சியையும் தகட்டையும் இறக்குமதி செய்து, இங்கே மருந்து முக்கி, பெட்டியில் அடைத்து விற்றார்கள். உற்பத்தி எந்தக் கட்டத்தில் எல்லை தாண்ட வேண்டும் என்பதை வரி முடிவு செய்தது. அரசு இதைக் கண்டுகொண்டு 1924இல் குச்சிக்கும் தகட்டுக்கும் தனி வரி போட்டது. 1928இல் சுங்கவரி வாரியம் ஆராய்ந்து, வருவாய் வரியைப் பாதுகாப்பு வரியாகவே மாற்றிவிடலாம் என்றது. இறக்குமதி வற்றியது. அதோடு அரசுக்கு வந்த சுங்க வருவாயும் வற்றியது.

நாற்பது, அறுபது, எண்பது

வற்றிய வருவாயை உள்நாட்டு உற்பத்தியிலிருந்தே எடுக்க 1934இல் தீப்பெட்டிக்கான கலால் சட்டம் வந்தது. அதன் கணக்கு இது: ஒரு பெட்டியில் சராசரியாக 40 குச்சி அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குரோஸுக்கு 1 ரூபாய், 40க்கு மேல் 60 வரை 1 ரூபாய் 8 அணா, 60க்கு மேல் 80 வரை 2 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 144 பெட்டி, 40 குச்சி என்றால் 5,760 குச்சிக்கு 1 ரூபாய். 60 குச்சி என்றால் 8,640 குச்சிக்கு ஒன்றரை ரூபாய், அதுவும் ரூபாய்க்கு 5,760 குச்சிதான். 80க்கும் அதே. வரைந்தவர்கள் நேர்மையாகவே வரைந்திருக்கிறார்கள். எந்தப் பெட்டிக்கும் குச்சிக்கு ஒரே வரி. ஆனால் அந்த நேர்மை படியின் உச்சியில் மட்டும் செல்லும். 41 குச்சி வைத்தால் 60 குச்சிக்கான வரி. எனவே 45, 50, 55 குச்சிப் பெட்டிகளைச் செய்வது வீண். 40, 60, 80 என்ற மூன்று அளவுகளுக்குள் உற்பத்தியை ஒதுக்குவதே லாபம். வாங்குபவருக்கு எத்தனை குச்சி வேண்டும் என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது.

அலகுக்கு இவ்வளவு என்று தொகையாக விழும் இந்த வகை வரி, இறுதி அலகுச் செலவை அப்படியே அதே தொகைக்கு உயர்த்துகிறது. ஒரு குரோஸ் கூடுதலாகச் செய்தால் 1 ரூபாய் கூடுதல், செய்யாவிட்டால் இல்லை. அதனால் உற்பத்தியின் அளவைத் தொடுகிறது. இதில் இன்னொரு விளைவும் உண்டு. விலை உயர்ந்த பெட்டிக்கும் மலிவான பெட்டிக்கும் ஒரே தொகை என்பதால், மலிவாக விற்பவர்மேல் சதவீதக் கணக்கில் கூடுதல் பளு. இயந்திரத்தில் ஒரே சீராக வந்த விம்கோ பெட்டிக்குக் கிடைத்த விலை, கையால் செய்த சிவகாசிப் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. வரி மட்டும் சமம்.

அதோடு வரி கட்டிய முறையும் ஒரு செலவு. பெட்டியில் பாண்டரோல் என்ற வரிச்சீட்டை ஒட்டித்தான் சரக்கு வெளியேற வேண்டும். சீட்டைக் காசு கொடுத்து முன்கூட்டியே வாங்க வேண்டும். சரக்கு வடக்கே போய், விற்று, வியாபாரியிடமிருந்து பணம் திரும்ப மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளிக்கான வட்டி எந்த வரி அட்டவணையிலும் இல்லை. ஆபீஸ்காரரின் பேரேட்டில்தான் உண்டு. கையில் ரொக்கம் உள்ளவருக்கும் கடன் வாங்கிச் சீட்டு வாங்குபவருக்கும் ஒரே வரி ஒரே செலவாக இருக்காது. வரியைப் பற்றிப் பேசும்போது நாம் விகிதத்தை மட்டும் பேசி, கட்டும் நாளைப் பேசாமல் விடுகிறோம். சிறு தொழிலுக்குப் பல நேரம் நாள்தான் பெரிய சுமை.

துண்டான ஆபீஸ்கள்

சிறியவருக்குப் பளு அதிகம் என்ற நியாயத்திலிருந்துதான் சலுகை வந்தது. ஆண்டு உற்பத்தியை வைத்து ஆலைகளை வகுப்புகளாகப் பிரித்து, பெரியவருக்கு அதிக வரி, சிறியவருக்குக் குறைந்த வரி என்றார்கள். நோக்கம் நல்லது. ஆனால் உற்பத்தி ஒரு வரம்பைத் தாண்டினால் வரி உயரும் என்றால், வரம்புக்கு அருகில் உள்ளவர் என்ன செய்வார்? இரண்டு வழிதான். உற்பத்தியை நிறுத்திக்கொள்வார், அல்லது தம்பி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் இன்னொரு ஆபீஸ் திறப்பார். இரண்டாவதுதான் பரவலாக நடந்தது.

1967இல் மத்திய அரசு உற்பத்தி அளவு வகுப்புகளைக் கைவிட்டு, இயந்திரத்தில் செய்ததா இல்லையா என்ற அடிப்படைக்கு மாறியது. ஆனாலும் சிறியவருக்கென ஒரு கதவைத் திறந்து வைத்தது. ஒரு நிதியாண்டில் 7.5 கோடிக் குச்சிக்கு மேல் வெளியே அனுப்ப மாட்டேன் என்று உறுதிமொழி கொடுப்பவருக்குச் சலுகை விகிதம். 7.5 கோடி என்றால் மலைப்பாக இருக்கும். 50 குச்சிப் பெட்டியாகக் கணக்கிட்டால் 15 லட்சம் பெட்டி. 600 பெட்டி கொண்ட பண்டலாக 2,500. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு எட்டு பண்டல் சொச்சம். அவ்வளவுதான் வரம்பு. ஜூலை 21இல் வந்த அறிவிப்பைப் பார்த்து, பெரிய ஆபீஸ்கள் தங்களை எட்டு பண்டல் ஆபீஸ்களாக உடைத்துக்கொள்ளும் என்று அரசு உணரச் சில வாரங்களே ஆயின. செப்டம்பர் 4இல் திருத்தம்: அந்தத் தேதிக்கு முன் உறுதிமொழி கொடுத்தவருக்கு மட்டுமே சலுகை.

பரமேஸ்வரன் மேட்ச் ஒர்க்ஸ் என்ற ஆலை உரிமத்துக்கு விண்ணப்பித்தது செப்டம்பர் 5ஆம் தேதி. ஒரு நாள் வித்தியாசம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974இல் தீர்ப்பு மத்திய அரசுக்குச் சாதகமாக வந்தது. சலுகை, அறிவிப்பு வந்தபோது உண்மையாகவே களத்தில் இருந்த சிறு ஆலைகளுக்கானது. சலுகைக்காகத் தங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்ட பெரிய ஆலைகளுக்கானதல்ல என்றும், எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்றும் நீதிமன்றம் கருதியது.

சட்டப்படி சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பொருளாதாரப்படி அது ஒரு நோயின் அடையாளம். கோடு போட்ட இடத்தில் ஆலைகள் குவியும். அப்படிக் குவிந்த ஆலைகள் தங்கள் இயல்பான அளவில் இயங்குவதில்லை. இரண்டு மேலாளர், இரண்டு கிட்டங்கி, இரண்டு கணக்குப்பிள்ளை. சராசரிச் செலவு குறைய வேண்டிய இடத்தில் உயர்கிறது. அந்த வீண்செலவு அரசுக்கும் போவதில்லை, தொழிலாளிக்கும் போவதில்லை. அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. அன்றைய பொது விதிப்படி மின்சாரம் இல்லாமல் இருபது பேருக்குக் கீழ் வேலை செய்த இடம் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வரவில்லை. மருந்தோடு வேலை செய்யும் ஒரு தொழிலில் ஆலை சிறுத்துச் சிறுத்து ஆய்வாளரின் பார்வைக்கு வெளியே போவதும், பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள் குழந்தைகளின் மடியில் போய் விழுவதும் எந்த வரி அதிகாரியும் விரும்பியதாக இருக்காது. வரி அட்டவணை ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். சிறிதாகவே இருப்பதற்கு அது காசு கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை.

ஐந்து வேலைகள், மின்சாரம் இல்லாமல்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, கோடு முழுக்க முழுக்கச் செய்முறைக்கு நகர்ந்திருந்தது. கையால் செய்த தீப்பெட்டி எது என்பதற்கு அறிவிப்பிலேயே விளக்கம் இருந்தது. கட்டை அடுக்குவது, அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது, குச்சியின் தலையில் மருந்து முக்குவது, பெட்டியில் குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, கட்டிப் பொதிவது. இந்த ஐந்தில் எதுவும் சாதாரணமாக மின்சாரத்தின் உதவியோடு நடக்கக் கூடாது. அப்படியானால் 5 சதவீதம். ஒன்றில் மோட்டார் புகுந்தாலும் 18.

இதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. அளவு மட்டும் 2021க்கு முந்தைய சந்தைக்கு ஒத்தது. அப்போது 600 பெட்டிப் பண்டல் மொத்த விலையில் 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

கையால் செய்யும் ஆபீஸ் ஒன்று பண்டலை வரிக்கு முன் 280 ரூபாய்க்கு விற்கிறது. 5 சதவீத வரி 14. வியாபாரி தருவது 294. மூலப்பொருள் 170, கூலி 80, இதரச் செலவு 15, ஆக அடக்கம் 265. மிச்சம் 15.

இப்போது பெட்டி அடைக்க ஒரு இயந்திரம் வருகிறது, பண்டலுக்கு 10 ரூபாய் கூலி மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கிய அன்றே வரி 18 ஆகிறது. வியாபாரி அதே 294தான் தருவார் என்றால், வரி போக ஆபீஸுக்கு நிற்பது 249 ரூபாய் 15 காசு. 280இலிருந்து 30 ரூபாய் 85 காசு இறக்கம். பத்து ரூபாய் மிச்சத்துக்காக முப்பது ரூபாயை யாரும் விட மாட்டார்கள். இயந்திரம் மோசம் என்பதால் ஒதுக்கப்படவில்லை. அடக்கச் செலவைக் குறைக்கும் இயந்திரமே ஒதுக்கப்பட்டது.

இதைத் திட்டுவதற்கு முன் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டை அடுக்குவதும் பெட்டி அடைப்பதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. வானம் பார்த்த பூமியில் வேறு வருமானம் இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைத்தது அந்தக் கூலிதான். 13 சதவீத வித்தியாசம் என்பது வரி வடிவில் வந்த கூலி மானியம். அந்த மானியத்தை நான் தவறென்று நினைக்கவில்லை. அதைக் கொடுத்த விதம்தான் தவறு. கூலியை உயர்த்தவோ வேலையைப் பாதுகாப்பாக்கவோ அதில் எந்த நிபந்தனையும் இல்லை. மோட்டார் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. மருந்து முக்கும் வேலை மனிதக் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போவது நல்லதுதானே? அதற்கும் சேர்த்து 18.

உள்ளீட்டு வரி என்ற மறைவான செலவு

மேலே சொன்ன கணக்கில் ஒன்றை ஒதுக்கி வைத்தேன். ஆபீஸ் வாங்கும் ரசாயனங்களுக்கு, பொட்டாசியம் குளோரேட் போன்றவற்றுக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி. அட்டை, காகிதம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விகிதம். எல்லாம் சேர்த்துச் சராசரி 15 என்று வைத்தால் 170 ரூபாய் மூலப்பொருளுக்கு 25 ரூபாய் 50 காசு வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இந்த உள்ளீட்டு வரியை, விற்பனையில் வசூலித்த வரியில்தான் கழித்துக்கொள்ள வேண்டும். அதுவோ 14. கழித்தது போக 11 ரூபாய் 50 காசு அரசிடம் நிற்கிறது.

சட்டப்படி அதைத் திரும்பக் கேட்கலாம். விண்ணப்பம், ரசீது ஒப்பீடு, காத்திருப்பு, கணக்கருக்குக் கட்டணம் எல்லாம் உண்டு. ஒழுங்காகத் திரும்பப் பெறும் ஆபீஸுக்கு லாபம் 15. திரும்பப் பெறத் தெரியாத, முடியாத ஆபீஸுக்கு 3 ரூபாய் 50 காசு. ஒரே விகிதம், ஒரே பொருள், ஒரே தெருவில் இரண்டு ஆபீஸ், இரண்டு வேறு செலவு. 5 சதவீதம் சிறியவருக்கு வரம் என்று பேசியவர்கள் இந்தப் பதினொன்றரை ரூபாயைப் பார்க்கவில்லை.

சிறு வணிகருக்கான இணக்கத் திட்டம் இருக்கிறதே, விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாது. தீப்பெட்டியின் சந்தை வட மாநிலங்களில் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வேறு தெருவில்.

12 வந்தபோது

இப்போது 2020க்குத் திரும்பலாம். கடையில் பெட்டியின் விலை 1 ரூபாய். 2007 முதல் அதேதான். வியாபாரி 294க்கு மேல் தர மாட்டார். 12 சதவீதத்தில் கையால் செய்யும் ஆபீஸுக்கு நிற்பது 262 ரூபாய் 50 காசு. அடக்கம் 265. பண்டலுக்கு இரண்டரை ரூபாய் நஷ்டம். இயந்திர ஆலைக்கு 249.15 கிடைத்த இடத்தில் அதே 262.50. பண்டலுக்கு 13 ரூபாய்க்கு மேல் கூடுதல். ஒரே அறிவிப்பு ஒருவரிடமிருந்து 17.50 எடுத்து இன்னொருவருக்கு 13.35 கொடுத்தது.

பெட்டி அடைக்கும் இயந்திரத்தின் கணக்கும் அன்றே தலைகீழானது. நேற்று வரை அதை வாங்கினால் முப்பது ரூபாய் இழப்பு. இன்று பத்து ரூபாய் மிச்சம். வரி எதிலும் இல்லை என்றால் எடுத்திருக்கும் முடிவை இப்போது எடுக்கலாம். பொருளாதார மாணவர் இதை நடுநிலை வரி என்று பாராட்டுவார். நானும் கொள்கையளவில் பாராட்டுகிறேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் இயந்திரம் வாங்காதே என்று வரியால் சொல்லிவிட்டு, ஒரு மார்ச் மாதக் கூட்டத்தில் மாற்றி, பதினெட்டு நாளில் அமலாக்கினார்கள். அந்தப் பதினெட்டு நாளுக்குள் ஊரடங்கும் வந்தது. இயந்திரத்துக்குக் கடனும் இல்லை, அவகாசமும் இல்லை. நடுநிலையான இடத்துக்குப் போவது சரி; போகும் பாதையில் யாரைத் தள்ளிவிடுகிறோம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

ஒரு ரூபாய் நாணயத்தின் வரம்பு

வரிச்சுமையை வாங்குபவருக்கு எவ்வளவு தள்ள முடியும் என்பது தேவையின் நெகிழ்ச்சியை, அதாவது விலை கூடினால் வாங்கும் அளவு எவ்வளவு குறையும் என்பதைப் பொறுத்தது என்பார்கள். தீப்பெட்டி அன்றாடத் தேவை, விலை கூடினாலும் வாங்குவார்கள், எனவே முழுதாகத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் முடியவில்லை. விலை 1 ரூபாய் 7 காசு என்று ஆக முடியாது. 1995இல் 25 காசிலிருந்து 50 காசு, 2007இல் 1 ரூபாய், பிறகு ஒரேயடியாக 2 ரூபாய். இடையில் எந்தப் படியும் இல்லை. படியில் நிற்கும் ஆண்டுகள் முழுக்க வரி உயர்வும் மூலப்பொருள் உயர்வும் ஆபீஸின் தலையில்தான். தப்பிக்க ஒரே வழி, பெட்டிக்குள் குச்சியைக் குறைப்பது. விலை மாறாமல் அளவு சுருங்கும். வரி உண்மையில் வாங்குபவரைப் போய்ச் சேர்ந்த பாதை அது.

2021இல் இந்த வழியும் முடிந்தது. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கும், மெழுகு 58இலிருந்து 80க்கும் ஏறியிருந்தன. அட்டைகளும் அப்படியே. அக்டோபரில் தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடி, டிசம்பர் 1 முதல் பெட்டி 2 ரூபாய் என்று முடிவு செய்தன. கூடவே குச்சியை 36இலிருந்து 50 ஆக்கின. பெட்டி விலை இரட்டிப்பானது. குச்சி விலை 2.78 காசிலிருந்து 4 காசு, 44 சதவீத உயர்வு. பண்டலுக்கு வரி நீங்கலாக 430 முதல் 480 ரூபாய் வரை கேட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் தேக்கி வைத்த எல்லா வரியும் செலவும் ஒரே நாளில் கடைக்காரரின் கல்லாவுக்கு வந்தது.

இத்தனை உயர்வைச் சந்தை தாங்குமா என்பதில் ஒரு எல்லைக்கோடும் இருந்தது: மலிவான லைட்டர். தீப்பெட்டிக்கு மாற்றுப் பொருள் இல்லாத காலம் போய்விட்டது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான இறக்குமதி மதிப்புள்ள லைட்டருக்கு மத்திய அரசு தடை விதித்தது. 1922இல் வரியாக வந்த மதில், நூறு ஆண்டு கழித்துத் தடையாக வந்தது.

லாபத்தின்மேல் வரி, உரிமக் கட்டணம்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். உரிமக் கட்டணம், சொத்து வரி ஆகியவை ஒரு பண்டல் செய்தாலும் ஆயிரம் செய்தாலும் ஒன்றே. அடுத்த பண்டலைச் செய்வதா என்ற முடிவை அவை தொடுவதில்லை; ஆபீஸைத் திறந்து வைப்பதா என்ற முடிவைத் தொடும். சிறிய ஆபீஸுக்கு அது சராசரிச் செலவில் அதிகம் தெரியும். வருமான வரி லாபத்தில் பங்கு. 15 ரூபாய் லாபம் தரும் பண்டலை 30 சதவீத வரிக்குப் பிறகு பத்தரை ரூபாய் தருகிறது என்பதற்காக யாரும் செய்யாமல் விட மாட்டார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரி 22 சதவீதமாக, புதிய உற்பத்தி ஆலைகளுக்கு 15 ஆகக் குறைந்தபோது பலர் கொண்டாடினார்கள். கூட்டு வணிகமாக நடக்கும் ஆபீஸுக்கு 30 அப்படியே இருந்தது. கம்பெனியாக மாறுவதா என்ற யோசனையை அது தூண்டியது; உற்பத்தியை மாற்றவில்லை. 2020இல் நஷ்டத்தில் இருந்தவருக்கு வருமான வரி குறைந்தால் என்ன, கூடினால் என்ன.

மீண்டும் 5

2025 செப்டம்பர் 22 முதல் தீப்பெட்டிக்கு 5 சதவீதம். இந்த முறை கை, இயந்திரம் என்ற பிரிவு இல்லை. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இயந்திரம் வாங்க நினைக்கும் நடுத்தர ஆபீஸ் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

20 லட்சம் ரூபாய் இயந்திரம். 18 சதவீதத்தில் ஜிஎஸ்டி 3.6 லட்சம். பண்டல் விலை 450, மூலப்பொருள் 280, நாளுக்கு 100 பண்டல், ஆண்டுக்கு 300 நாள். 12 சதவீத காலத்தில் விற்பனை வரி 54, மூலப்பொருளில் கட்டியது 15 சதவீதக் கணக்கில் 42. பண்டலுக்கு 12 ரூபாய் அரசுக்குச் செலுத்த வேண்டி வரும். அந்தப் பன்னிரண்டை இயந்திரத்துக்குக் கட்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 30,000 பண்டல், 3.6 லட்சமும் ஒரே ஆண்டில் தீர்ந்தது. 5 சதவீதத்தில் விற்பனை வரி 22.50. மூலப்பொருளின் சராசரி வரி 12 ஆகக் குறைந்தது என்று வைத்தாலும் கட்டியது 33.60. ஒவ்வொரு பண்டலிலும் வரவு மிஞ்சுகிறது. இயந்திர வரியைக் கழிக்க இடமே இல்லை. மிஞ்சியதைத் திரும்பக் கேட்கும்போது விதியில் உள்ள சூத்திரம் மூலப்பொருளின் வரியை மட்டுமே கணக்கில் எடுக்கும். இயந்திரத்துக்குக் கட்டிய வரி அதில் சேராது. 3.6 லட்சம் கணக்கேட்டில் வரவாக நிற்கும், கைக்கு வராது. ஆக அந்த ஆபீஸுக்கு இயந்திரத்தின் விலை 20 லட்சமல்ல, 23.6 லட்சம்.

கையால் செய்யும் ஆபீஸுக்கு இந்தச் சுமை இல்லை. 2020இல் அறிவிப்பிலிருந்து நீக்கிய கோடு, இப்போது திரும்பப்பெறும் சூத்திரத்துக்குள் இருக்கிறது. விகிதத்தை இன்னும் ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டாம். அந்தச் சூத்திரத்தில் இயந்திரத்துக்குக் கட்டிய வரியையும், நான்கைந்து ஆண்டுத் தவணையில் என்றாலும், சேர்த்தால் போதும். கோவில்பட்டி, சிவகாசிச் சங்கங்கள் அடுத்து கவுன்சிலிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.